அப்பாவின் கரண்டியில் பரோலோ

இந்த முறை சித்திரை வருடப்பிறப்புக்கு அக்கா குடும்பம் இத்தாலியிலிருந்து வந்திருந்தது. சூட்கேஸைத் திறந்ததும் வழக்கம்போல சொக்லட், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சுவெட்டர், அந்தச் சுவெட்டருக்குள் சுற்றி ஒரு போத்தல். மச்சான் அதை எடுத்து என் கையில் கொடுத்து, "நீ பார்லதானே வேலை செய்யிற, இது என்னன்னு சொல்லு பாப்பம்" என்றார். லேபலைப் பார்த்தேன். பரோலோ, 2016. கீழே சின்ன எழுத்தில் செர்ரலுங்கா டி ஆல்பா. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மச்சானுக்கு டூரினில் ஒரு வயோதிபரைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிக்க வார்ப்பது, மருந்து கொடுப்பது, பின்னேரம் பூங்காவுக்கு நடத்திக்கொண்டு போவது. அந்தத் தாத்தாவுக்குச் சொந்த ஊர் செர்ரலுங்கா பக்கம். "ஊருக்குப் போறேன்னு சொன்னதும் அலுமாரிக்குள்ள இருந்து அவரே எடுத்துத் தந்தாரு. ஒங்க மாமனாருக்குக் குடுன்னாரு" என்றார் மச்சான். மாமனார் என்பது என் அப்பா. வாழ்க்கையில் ஒரு நாளும் வைன் குடிக்காத மனுசன்.

இந்தப் பெயரைப் பார்த்து நான் ஏன் அப்படி உட்கார்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் பதினொரு வருசமாக வேலை செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஏப்ரல் சீசனில், வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் தன்னுடைய போத்தலையே கொண்டுவந்து இரவுச் சாப்பாட்டுக்குத் திறந்து தரச் சொன்னார். வைன் என்றால் குளிரவேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லிவைத்திருந்தார், நானும் இரண்டு மணித்தியாலம் ப்ரிஜ்ஜில் வைத்து எடுத்து, திறந்த கையோடு ஊற்றினேன். நுவரெலியாவில் ஏப்ரல் இரவுக்கு ப்ரிஜ்ஜே தேவையில்லை, அது வேறு விசயம். அவர் ஒரு வாய் குடித்தார், முகம் ஒரு மாதிரி போனது, ஆனாலும் கத்தவில்லை. இரண்டு கையாலும் கிளாஸைப் பொத்திச் சூடு காட்டிக்கொண்டே, "ஒரு மணித்தியாலம் கழித்து வாருங்கள் தம்பி" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். போகும்போது மிச்சத்தில் இரண்டு விரல் அளவு எனக்கென்று விட்டுப் போயிருந்தார். பென்ட்ரிக்குள் நின்று குடித்தேன். ஆறிப்போன, சாயம் கூடிப்போன பிளேன்டீ மாதிரி இருந்தது. நாக்கும் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இதற்கா இவ்வளவு காசு என்று நினைத்தேன். அதுதான் பரோலோ என்று அடுத்த நாள் காலிப் போத்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் வருசக்கணக்காக அதைப் பற்றி வாசித்திருக்கிறேன், திரும்பக் குடிக்கத்தான் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் ஹோட்டல் பட்டியல்களில் சிலியும் அவுஸ்திரேலியாவும்தான் ஓடும்.

பரோலோ ஒரு கிராமத்தின் பெயர். இத்தாலியின் வடமேற்கில் பியமொண்டே, அதன் தெற்கில் லாங்கே என்கிற குன்றுகள், நடுவில் ஆல்பா என்ற பட்டணம். ஆல்பாவுக்குத் தென்மேற்கே 11 ஊர்கள். அந்த ஊர்களின் சரிவுகளில் விளைகிற நெப்பியோலோ என்ற ஒரே ஒரு திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம், வேறு எந்தத் திராட்சையும் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. 1966 இல் சட்டப்படி எல்லை போட்டார்கள், 1980 இல் இத்தாலியின் ஆக உயர்ந்த தரப்பிரிவான டி.ஓ.சி.ஜி. கொடுத்தார்கள். மொத்தமே 2,000 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல்தான் தோட்டம்.

மலை, மலை என்று வாசித்து நானும் பெரிதாகக் கற்பனை பண்ணியிருந்தேன். உயரத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. 200 மீட்டரிலிருந்து 500 மீட்டர் வரைக்கும். லா மொர்ரா என்கிற ஊரிலிருந்து அந்த வட்டாரம் முழுவதையும் பார்க்கலாமாம், அதுவே 500 மீட்டரை ஒட்டித்தான். நம் தேயிலைக் கணக்கில் 600 மீட்டருக்குக் கீழே இருந்தால் லோ குரோன், தாழ்நிலத் தேயிலை. அதாவது உலகமே தலையில் தூக்கிவைக்கிற அந்த மலைகள் காலி, மாத்தறைத் தேயிலைத் தோட்டங்களோடு சேர்த்தி. நுவரெலியாவில் 1,868 மீட்டரில் நின்றுகொண்டு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோசம்.

ஆனால் பனிமூட்டம் மட்டும் நம்முடையதுதான். நெப்பியா என்றால் அவர்கள் பாஷையில் மூடுபனி, நெப்பியோலோ என்ற பெயர் அதிலிருந்துதான் வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். பழம் பழுக்கிற ஒக்டோபரில் தானரோ ஆற்றுப் பக்கமிருந்து மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை நிரப்புகிறது, குன்றின் உச்சியில் இருக்கிற ஊர்கள் மட்டும் தீவு மாதிரி வெளியே தெரிகின்றன. மச்சான் ஒருமுறை அந்தத் தாத்தாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எடுத்த வீடியோவை அம்மாவுக்குக் காட்டினேன். "இது நம்ம வட்டகொடை ரோடுதானே" என்றார்.

நெப்பியோலோ பிடிவாதமான கொடி. எல்லாருக்கும் முன்னால் துளிர்க்கும், எல்லாருக்கும் பின்னால் பழுக்கும். ஆகவே வசந்தகால உறைபனியிலும் அடி வாங்கும், கடைசி மழையிலும் அடி வாங்கும். வெயில் நன்றாக விழுகிற தெற்குப் பார்த்த சரிவு இல்லாவிட்டால் பழுக்கவே பழுக்காது. அப்படிப்பட்ட சரிவுக்கு அந்த ஊர்ப் பேச்சில் சொரி என்று தனியாக ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், உச்சிக்கு பிரிக்கோ. உலகத்தில் எத்தனையோ இடங்களில் இந்தக் கொடியை நட்டுப் பார்த்திருக்கிறார்கள். வளர்கிறது, காய்க்கிறது, ஆனால் அந்த வாசம் வருவது அபூர்வம். இதை எந்த ஊவாத் தேயிலைக்காரனுக்கும் விளக்கத் தேவையில்லை. ஆடி, ஆவணியில் அடிக்கிற வறண்ட காற்று கொழுந்தை வாட்டினால்தான் அந்த மென்தோல் வாசம் பிறக்கும், அதே செடியை எடுத்துப்போய் வேறு மலையில் வைத்தால் அது வெறும் தேயிலை.

சரி, போத்தலுக்கு வருவோம்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கே திறந்துவிட்டேன், பழைய பாடம் மறக்கவில்லை. தலவாக்கலைப் பக்கம் அப்பா வீட்டில் டிகேன்டருக்கு எங்கே போவது, அம்மாவின் கண்ணாடித் தண்ணீர்ச் சாடியைக் கழுவித் துடைத்து அதில் ஊற்றிவைத்தேன். தக்கை பாதியில் உடைந்தது. பத்து வருசத்துக்கு மேல் தக்கை உருவிய கை, சொந்த வீட்டில் மாமன், மச்சான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உடையவேண்டுமா. மிச்சத்தை மெதுவாகத் திருகி எடுத்து, விழுந்த தூளைத் தேயிலை வடியில் வடித்தேன். வாசம் சமையலறை வரைக்கும் போனது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, புளிச்ச கசாயம் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பதினெட்டு வயதில் தோட்டத்துப் பெக்டரியில் ரோலிங் அறையில் தொழிலாளியாகச் சேர்ந்து, பெக்டரிச் சாமியான ரோதை முனிக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு மெசின் போட்ட காலத்திலிருந்து படிப்படியாக ஏறி, கடைசி ஒன்பது வருசம் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்தில் பிறந்த ஒருவருக்கு அது சின்ன ஏற்றம் இல்லை. வெற்றிலை போடமாட்டார், சுருட்டு பிடிக்கமாட்டார். ஒழுக்கத்துக்காக இல்லை, நாக்கு கெட்டுப்போகும் என்பதற்காக. ஓய்வு பெற்று வரும்போது பெக்டரியிலிருந்து அவர் கொண்டுவந்தது இரண்டே சாமான்: ருசி பார்க்கிற வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்று, வட்டமான குழிக் கரண்டி ஒன்று. இன்றைக்கும் வீட்டுக்குப் புதுத் தேயிலைப் பைக்கட் வாங்கினால் அந்தக் கரண்டியால் ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்த பிறகுதான் அம்மா டப்பாவில் கொட்டலாம்.

ஆறரை மணிக்குக் கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "கிண்ணத்துல ஊத்து" என்றார்.

வெள்ளைப் பீங்கானில் ஊற்றியதும் நிறம் அப்படியே தெரிந்தது. நாம் வைன் என்றால் நாவற்பழச் சாறு மாதிரிக் கறுத்துக் கிடக்கும் என்று நினைப்போம். இது மங்கிய மாணிக்கம், ஓரத்தில் செங்கல் நிறம். அப்பா ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்து, "சாயமே எறங்கலையேடா" என்றார். பிறகு ஓரத்தைக் காட்டி, "இந்த எடம் மட்டும் நல்லா இருக்கு, புதுச் செம்புக் காசு மாதிரி." ஒரு டீமேக்கர் வாயில் செம்புக் காசு என்பது பெரிய பாராட்டு. அப்புறம் கரண்டியால் அள்ளி, அந்தச் சத்தம் இருக்கிறதே, சீலை கிழிகிற மாதிரி ஒரு உறிஞ்சு. காற்றும் வைனும் சேர்ந்து மேலண்ணம் வரைக்கும் அடிக்கும். வைன்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் மரியாதைக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. வாய்க்குள் உருட்டினார், முற்றத்துப் பக்கம் திரும்பி ரோசாச் செடியடியில் துப்பினார். அக்காவுக்குக் கோபம். "என்னப்பா, அதுட வெல தெரியுமா?"

"துவர்ப்பு," என்றார் அப்பா. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல துவர்ப்பு. கசக்கல. சாயம் இல்லாம இவ்வளவு துவர்ப்பு எங்கயிருந்து வருது?"

எத்தனையோ வைன் புத்தகம் சுற்றிச் சுற்றிச் சொல்வதை ஒரே வாயில் கேட்டுவிட்டார். நெப்பியோலோவின் வினோதமே இதுதான். தோலில் நிறம் கொடுக்கிற பொருள் குறைவு, இருப்பதும் சீக்கிரம் மங்குகிற ரகம். ஆனால் துவர்ப்பு கொடுக்கிற தெனின் ஏராளம், புளிப்பும் அதற்குச் சளைத்ததில்லை. பார்வைக்குச் சாது, வாயில் வைத்தால் ராஜா. எனக்குத் தமிழில் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று தோன்றியதே அந்தச் சொல்லால்தான். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக வைத்து, சோற்றில் வாழைப்பூவாகவும் தேத்தண்ணியாகவும் தினமும் அனுபவிக்கிறவர்கள் நாம். பால் விடாத கடும் சாயத்தைச் சீனித்துண்டைக் கடித்துக்கொண்டு குடித்து வளர்ந்த மலையகத்து நாக்குக்கு இந்த வைன் அந்நியமே இல்லை. அன்றைக்குப் பென்ட்ரியில் நான் தப்பாக நினைத்தது அந்த இடத்தில்தான். பிளேன்டீ மாதிரி இருக்கிறது என்று நினைத்தது சரி, அதைக் குறையாக நினைத்ததுதான் பிழை.

வாசத்துக்குத் தாரும் ரோசாவும் என்று வைன்காரர்கள் வழக்கமாக ஒரு ஜோடி சொல்வார்கள். தார் என்றால் ரோட்டுக்குப் போடுகிற தார். மச்சானிடம் சொன்னபோது சிரித்தார், ஆனால் அன்றைக்கு முதலில் தெரிந்தது காய்ந்த ரோசா இதழ்தான், மாலையில் வாடிப்போன பிறகு வருகிற வாசம். பின்னால் கொஞ்சம் அதிமதுரம். தார் எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவுக்கு ஈரமான கொறகொறச் சாக்கு வாசம் வந்ததாம்.

சாப்பாட்டில் ஒரு தப்புப் பண்ணினோம். மச்சான் பிரியப்பட்டுக் கேட்டார் என்று அக்கா பன்றி இறைச்சி டெவல் செய்திருந்தார், கொச்சிக்காய் தூக்கலாக. ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு இந்த வைனைக் குடித்தால் வாய் முழுக்கத் தீ. உறைப்புக்கு மதுவின் சூடும் துவர்ப்பும் சேர்ந்தால் மூன்றும் ஒன்றையொன்று ஏற்றிவிடும், ஹோட்டலில் விருந்தாளிகளுக்கு நானே சொல்கிற விசயம், வீட்டில் மறந்துவிட்டேன். அம்மா பிள்ளைகளுக்கென்று உறைப்பில்லாமல் எலும்போடு அவித்து வைத்திருந்த ஆட்டிறைச்சியும் மச்சான் கொண்டுவந்த கட்டிச் சீஸும்தான் மானத்தைக் காப்பாற்றின. கொழுப்பும் புரதமும் உள்ளே போனதும் துவர்ப்பு அப்படியே படுத்துவிட்டது, பழம் மேலே வந்தது. அப்பா இதற்கு ஆச்சரியப்படவே இல்லை. "பால் ஊத்துனா தேத்தண்ணி அடங்குறதில்லையா, அதுதான்." உண்மையிலேயே அதேதான். தெனின் நம் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் காய்ந்து இழுக்கிறது, பாலோ இறைச்சியோ சீஸோ வந்தால் அது அதைப் பிடித்துக்கொண்டு நம்மை விட்டுவிடுகிறது.

இந்தத் துவர்ப்பை அடக்கத்தான் வருசக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அறுவடை வருசத்து நவம்பர் 1 இலிருந்து கணக்குப் போட்டு 38 மாதம் கழியாமல் பரோலோவை விற்க முடியாது, அதில் 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்கவேண்டும். ரிசர்வா என்று போட்டால் 62 மாதம். அதற்கப்புறமும் நல்ல வருசத்துப் போத்தலை இன்னும் பத்து வருசம் வைத்திருந்து குடி என்பார்கள். கேட்டுவிட்டு அப்பா தலையில் கைவைத்தார். அவருடைய உலகத்தில் இன்று காலையில் பறித்த கொழுந்து நாளைக்கு விடிவதற்குள் தூளாகிவிடவேண்டும்.

இந்தப் பீப்பாயில்தான் அங்கே ஒரு குடும்பச் சண்டையே நடந்தது. பழைய முறையில் திராட்சைத் தோலைச் சாற்றோடு வாரக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு ஆள் உயரத்துக்கும் மேலான பழைய பெரிய பீப்பாய்களில் வருசக்கணக்கில் விடுவார்கள். 1980 களில் இளம் தலைமுறை ஒன்று பிரான்சுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இவ்வளவு காலம் காத்திருந்தால் யார் வாங்குவான் என்று கேட்டது. சுழலும் தொட்டியில் சில நாட்களிலேயே நிறத்தைப் பிழிந்தெடுத்து, பாரிக் எனப்படும் சின்னப் புது ஓக் பீப்பாயில் வைத்து, சீக்கிரம் குடிக்கக்கூடிய மாதிரிச் செய்தார்கள். எலியோ அல்தாரே என்பவர் 1983 இல் செயின்சோ எடுத்து அப்பாவின் பழைய பீப்பாய்களை அறுத்தே போட்டுவிட்டார், அப்பா அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார். எதிர்ப்பக்கத்தில் பார்தோலோ மஸ்கரெல்லோ என்ற கிழவர், தன் கையால் வரைந்த லேபலில் "பாரிக்கும் வேண்டாம் பெர்லுஸ்கோனியும் வேண்டாம்" என்று எழுதி ஒட்டினார் (பெர்லுஸ்கோனி அப்போதைய இத்தாலிய அரசியல் தலைவர்). இன்றைக்குச் சண்டை ஓய்ந்துவிட்டது, பலர் நடுவழியில் நிற்கிறார்கள். எனக்கென்னவோ கிழவர் பக்கம்தான் சாய்வு.

இதை நான் அப்பாவுக்குச் சொல்லிமுடிக்க முதலே, "அப்ப அது சி.டி.சி. கேஸ்" என்றார். ரோலரில் மெதுவாகச் சுருட்டுகிற பழைய ஓர்தொடொக்ஸ் முறைக்கும், வெட்டிக் கிழித்து உருண்டையாக்குகிற சி.டி.சி. முறைக்கும் உள்ள தகராறு. சீக்கிரம் சாயம், கடும் நிறம், வாசம் கம்மி. அவர் வேலை செய்த காலத்தில் அந்தப் பேச்சு வந்தபோது அவரும் நாலு நாள் சாப்பிடாமல் இருந்தார் என்று அம்மா சொல்வார். அந்தச் செயின்சோக் கதை அவரை ஏதோ செய்திருக்கவேண்டும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பெக்டரியில் எனக்கென்று பேசிவைத்திருந்த வேலையை விட்டுவிட்டு நான் ஹோட்டலுக்குப் போன வருசம் எங்கள் வீட்டிலும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. செயின்சோ மட்டும்தான் இல்லை.

அவர்கள் ஊரும் எப்போதும் பணக்கார ஊர் இல்லை. இதைச் சொல்லாமல் பரோலோவை மட்டும் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. 19 ஆம் நூற்றாண்டில் ஜூலியா பலெத்தி என்ற பிரபு குடும்பத்துப் பெண்மணி, கிரின்சானேயில் ஊர்த் தலைவராக இருந்த கவூர் போன்றவர்கள் இந்த வைனை அரண்மனை வரைக்கும் கொண்டுபோனார்கள், "அரசர்களின் வைன்" என்கிற பட்டமெல்லாம் அந்த வழியில் வந்தது. ஆனால் கொடி வெட்டியவன் வீட்டில் சோளக்களிதான். பிள்ளைகளை அடுத்த பண்ணைக்குக் கூலிக்கு அனுப்பிய காலம் அங்கேயும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊர் ஊராக இளைஞர்கள் மலையை விட்டிறங்கி டூரின் ஃபியட் ஆலைக்கும், ஆல்பாவில் பெரேரோ சொக்லட் ஆலைக்கும் போனார்கள். 1986 இல் அந்த மாகாணத்திலேயே மலிவு வைனில் மெதனோல் கலந்து விற்று, பலர் செத்தார்கள், சிலருக்குக் கண் போனது. கசிப்பில் ஆள் செத்த வீடுகளை எங்கள் பக்கத்தில் பார்த்து வளர்ந்தவன் என்பதால், வாசித்தபோது அந்த வரி மட்டும் மனதில் தங்கிவிட்டது. அந்த அடிக்குப் பிறகுதான் இத்தாலியில் அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டுகிற புத்தி பலமாக வந்தது.

இப்போது ஒரு ஹெக்டேர் பரோலோ நிலம் பத்து லட்சம் யூரோவுக்கும் மேலே போகிறது. கொடி வெட்டவும் பழம் பறிக்கவும் வட மசிடோனியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், அவர்களைச் சுரண்டுகிற தரகர்களைப் பற்றிய வழக்குகளும் வருகின்றன. பெயர் மாறுகிறதே தவிரக் கங்காணி எல்லா மலையிலும் இருக்கிறான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை அப்பா உடனே பிடித்தார். "அவங்க ஏழையா இருந்தாலும் மண்ணு அவங்களோடது." ஆமாம். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று துண்டு துண்டாகச் சின்னக் குடும்பங்களின் கையில் இருந்த மலை அது. விலை ஏறினபோது பேரன்களின் கையில் ஏறியது. நாம் 200 வருசம் கழித்தும் வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் துண்டு நிலம் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் போத்தல் இத்தாலியிலேயே 40 யூரோ இருக்கும் என்று மச்சான் சொன்னார். அம்மா மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, "பத்துப் பேருக்குக் கிட்ட வருதே" என்றார். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம், தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் வாழ்நாள் முழுக்க வாங்கிய அரைப் பேர்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் இன்னும் கூடும்.

எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் உண்மையான பொறாமை வருவது காசில் இல்லை, பெயரில். பரோலோ என்று ஊர்ப்பெயர் போட்டதோடு அவர்கள் நிறுத்தவில்லை. 2010 இல் ஒவ்வொரு சரிவையும் அளந்து, எல்லை போட்டு, 181 பெயர்களைச் சட்டமாக்கிவிட்டார்கள். கன்னூபி என்கிற ஒரு சின்னக் குன்றின் பெயர் 1752 ஆம் ஆண்டுப் போத்தல் ஒன்றிலேயே இருக்கிறது, பரோலோ என்கிற பெயர் போத்தலில் ஏறுவதற்கு முன்னாலேயே. மேற்குப் பக்கம் லா மொர்ரா, பரோலோ ஊர்களின் மண் ஒரு மாதிரி, வைன் கொஞ்சம் மென்மை, வாசம் கூட. கிழக்கே செர்ரலுங்கா, மொன்போர்த்தே மண் வேறு, வைன் இறுக்கம், பழுக்க நாளாகும். எங்கள் போத்தல் இந்த இரண்டாவது ரகம். 2014 இல் யுனெஸ்கோ அந்தத் திராட்சை மலைகளை உலக மரபுரிமையாக அறிவித்தது, மனிதன் கைபட்டு உருவான நிலத்தோற்றம் என்று காரணம் சொல்லி. நம் மத்திய மலைநாடும் 2010 இலேயே அந்தப் பட்டியலில் ஏறியதுதான். ஆனால் அது ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ். காட்டுக்காக. கைபட்ட மலைக்காக இல்லை.

இங்கேயும் தோட்டத்துக்கு மார்க் உண்டு, கொழும்பு ஏலம் வரைக்கும் அந்தப் பெயர் போகும். அதற்கப்புறம் பெரும்பாலும் பிளெண்ட், எந்த மலை எந்தப் பெட்டியில் போனது என்று சாமிக்குத்தான் வெளிச்சம். தோட்டத்துக்குள்ளோ எல்லாம் நம்பர். ஏழாம் நம்பர் மலை, பதினோராம் நம்பர் மலை. சனம் தான் பாட்டுக்குச் சவுக்கு மலை, கோயில் மலை, ஆட்டுப்பட்டி மலை என்று வேறு பெயர் வைத்திருக்கும், அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அன்றிரவு மூன்றாவது கரண்டிக்குப் பிறகு (இந்த முறை துப்பவில்லை) அப்பா அதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். எந்த மலைக் கொழுந்து வாடப்போட்டால் சீக்கிரம் வாடும், எந்த மலைக் கொழுந்து சாயம் கொடுக்காது ஆனால் வாசம் கொடுக்கும், கீழ்க்கணக்குக் கொழுந்தையும் மேல்கணக்குக் கொழுந்தையும் (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு) ஏன் ஒன்றாய் ரோலரில் போடக்கூடாது. எனக்கு முப்பத்துநாலு வயது, இவ்வளவும் முதல் தடவையாகக் கேட்கிறேன். தங்கச்சி போனில் எழுதிக்கொண்டே இருந்தாள்.

அரைப் போத்தல் மிஞ்சியது. அடுத்த நாள் பின்னேரம் இன்னும் நன்றாக இருந்தது, துவர்ப்பு வழவழப்பாகி ரோசா முன்னுக்கு வந்திருந்தது. பொதுவாகத் திறந்த வைன் மறுநாள் செத்துப்போகும், இது அப்போதுதான் எழும்பி உட்கார்கிறது.

அந்த நேரம்தான் மச்சானின் போனில் டூரினிலிருந்து வீடியோ கோல் வந்தது, அந்தத் தாத்தா. தான் இல்லாத நாட்களில் மருந்து சரியாகக் குடிக்கிறாரா என்று மச்சான் விசாரிக்க, தாத்தா போத்தல் திறந்தாயிற்றா என்று கேட்க, மச்சான் போனை அப்பா பக்கம் திருப்பிவிட்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அப்பா, "மாப்பிள்ள, அவுங்க தோட்டத்துக்கு எந்தப் பக்கம் வெயில் விழும்னு கேளுங்க" என்றார்.

மச்சான் இத்தாலியத்தில் கேட்டார். தாத்தா நீளமாக ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர்களுடைய துண்டு வடக்குப் பார்த்த சரிவாம், ஊரெல்லாம் பனி கரைந்த பிறகும் அவர்கள் நிலத்தில் மட்டும் வெள்ளையாகக் கிடக்குமாம், நெப்பியோலோ பழுக்காதாம். அதனால்தான் அவருடைய அப்பா விற்றுவிட்டு டூரினுக்கு ஆலை வேலைக்குப் போனார். "நம்ம பதினோராம் நம்பர் மலை" என்று அப்பா தலையாட்டினார். "சரி, கவ்வாத்து எப்ப வெட்டுவாங்க?"

ஜனவரியில், பெப்ரவரியில் என்றார் தாத்தா, பனிக்குள்ளே நின்று. பத்து வயதிலிருந்து வெட்டினாராம்.

"பனிக்குள்ளயா? கத்தி பிடிக்க ஏலுமா? கை விறைக்காதா?" அப்பா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனுக்குக் கிட்ட வந்தார். "எங்கப்பாவும் கவ்வாத்துக்காரர்தான்னு சொல்லுங்க மாப்பிள்ள."